ஒலுவில் யானைகளும் படத்தில் விழாத நாமும்

2020ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த புகைப்படக் கலைஞர் தர்மபாலன் திலக்சன் எடுத்த சில படங்கள் உலகெங்கும் ஊடகங்களில் வெளிவந்தன. ஒரு குப்பைமேடு. அதன் மேல் யானைக் கூட்டம். பொலித்தீன் பைகளைத் துதிக்கையால் கிளறி, எச்சில் சோற்றுப் பார்சல்களைத் தேடித் தின்னும் தாய் யானைகள், பக்கத்தில் குட்டிகள். பார்த்தவர்கள் பதறினார்கள், பகிர்ந்தார்கள், இலங்கை அரசைத் திட்டினார்கள். பிறகு வேறு செய்திகள் வந்தன.

2022 ஜனவரியில் அதே இடத்திலிருந்து இன்னொரு தொகுதிப் படங்கள் வெளிவந்தன. இம்முறை அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம். அந்த வார இறுதியில் மேலும் இரண்டு யானைகள் செத்துக் கிடந்தன. அந்தக் குப்பைமேட்டில் பிளாஸ்டிக்கைத் தின்று எட்டு வருடங்களில் சுமார் 20 யானைகள் இறந்திருப்பதாக அச்செய்தி சொன்னது. இறந்த யானைகளின் வயிற்றை அறுத்துப் பார்த்த மிருக வைத்தியர் கண்டது பொலித்தீன், உணவு சுற்றும் தாள்கள், சமிக்காத வேறு பொருட்கள், தண்ணீர். யானை இயல்பாக உண்ணும் எதுவும் உள்ளே இருக்கவில்லை.

அந்த இடம் எது என்பதை நம்மில் பலர் பேசுவதே இல்லை. ஒலுவில் அஷ்ரப் நகரை அண்டிய பள்ளக்காடு அது. அங்கு வந்து சேரும் குப்பை சம்மாந்துறை, கல்முனை, காரைதீவு, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று, ஆலையடிவேம்பு ஆகிய பகுதிகளிலிருந்து வருவது. இவற்றில் பெரும்பாலானவை நமது ஊர்கள். சபைகளில் உட்கார்ந்திருந்தவர்களில் பெரும்பாலானவர்களும் நம்மவர்கள். படத்தில் யானை இருக்கிறது, குப்பை இருக்கிறது, குப்பையைப் போட்டவர் மட்டும் இல்லை. அவர் காலையில் வாசலில் பையைக் கட்டி வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார்.

இந்தக் குப்பைமேடு 2008ஆம் ஆண்டளவில் தொடங்கப்பட்டது. யானை வராமல் இருக்க மின்சார வேலி போடப்பட்டது. 2014இல் மின்னல் தாக்கி வேலி செயலிழந்தது, அதைத் திருத்தவில்லை. சமைத்த உணவின் உப்பும் இனிப்பும் யானைக்கு ருசி காட்டிவிட்டன. ஒரு முறை ருசி கண்ட யானை காட்டில் நாள் முழுக்க நடந்து தீனி தேடுவதை விட்டுவிட்டு, எளிதில் கிடைக்கும் இடத்துக்கே வரும். குட்டிகள் தாயைப் பார்த்துப் பழகும். மனித வாடைக்குப் பழகிய கூட்டம் குப்பைமேட்டோடு நிற்காது, பக்கத்து வட்டைகளில் இறங்கும், வேளாண்மையை மிதிக்கும், சுவரை உடைத்து வீட்டிலிருக்கும் நெல்மூட்டையை இழுக்கும். பிறகு யானை வெடி, துப்பாக்கி, பழத்துக்குள் வெடிமருந்து வைத்த ஹக்கபட்டாஸ். 2023ஆம் ஆண்டில் மட்டும் இந்த நாட்டில் 470க்கும் மேற்பட்ட யானைகளும், யானைகளால் 170க்கும் மேற்பட்ட மனிதர்களும் இறந்தார்கள். ஏழைக் கமக்காரன் ஒருவன் யானைக்குப் பலியாகும்போது அவனை விதி கொன்றது என்கிறோம். அந்த யானையை அவனது வட்டை வரைக்கும் கூட்டிக்கொண்டு வந்ததில் நம்முடைய எச்சில் பார்சலுக்கும் பங்கு உண்டு.

தரம் 10 மாணவர்களுக்குச் சுற்றாடல் பற்றிய பாடம் ஒன்றின்போது இந்தப் படங்களில் ஒன்றைக் காட்டினேன். வகுப்பில் வழமையான இரக்கச் சத்தம் எழுந்தது. "பாவம் டீச்சர்" என்றார்கள். பின்வரிசையில் இருந்த ஒரு பிள்ளை மட்டும் படத்தை உற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டாள், "டீச்சர், இதில எங்கட ஊட்டுச் சொப்பின் பேக்கும் கிடக்குமா?" சில பிள்ளைகள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அந்தப் படத்தைப் பற்றி ஒரு பத்திரிகையும் கேட்காத கேள்வி அது.

மிருகங்களின் துன்பத்தைக் காட்டும் புகைப்படங்களை நம் சமூகம் எப்படி எதிர்கொள்கிறது என்று சில காலமாகவே கவனித்து வருகிறேன். மாற்றாரைப் பற்றிய படமானால் நமக்கு ஒரு முகம், நம்மைப் பற்றிய படமானால் இன்னொரு முகம்.

2019 ஆகஸ்டில் டிக்கிரி என்ற 70 வயது யானையின் படங்கள் வெளிவந்தது நினைவிருக்கும். கண்டி எசல பெரஹராவில் நடக்கவிடப்பட்ட யானை அது. மின்விளக்குகளோடு மினுங்கும் ஆடை அதன் உடலை முழுதாக மூடியிருந்ததால் வீதியில் நின்று பார்த்த ஆயிரக்கணக்கானோருக்கு எதுவும் தெரியவில்லை. ஆடை களைந்த நிலையில் எடுத்த படத்தில் விலா எலும்புகளை எண்ணலாம். தாய்லாந்தைத் தளமாகக் கொண்ட யானை பாதுகாப்பு அமைப்பொன்று வெளியிட்ட அந்தப் படங்களுக்கு எழுந்த எதிர்ப்பில், இறுதி ஊர்வலத்திலிருந்து டிக்கிரி விலக்கப்பட்டது. விசாரணைக்கு உத்தரவிடப்பட்டது. அடுத்த மாதம் அது இறந்துபோனது.

ஈஸ்டர் தாக்குதலுக்குப் பிந்திய மாதங்கள் அவை. நாம் அடிபட்டு, கடைகள் எரிக்கப்பட்டு, தலை குனிந்து நின்ற காலம். அப்போது நமது வட்ஸ்அப் குழுக்களில் டிக்கிரியின் படம் பறந்தது. யானைக்காக அல்ல என்பது கூட வந்த வாசகங்களில் தெரிந்தது. "மாட்டுக்காக அழுகிறவர்கள் இதைப் பாருங்கள்" என்ற தொனி. மனக்காயத்தில் பேசியவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனாலும் அந்த யானை அங்கு வெறும் வாதப்பொருளாகிவிட்டது. விலா எலும்பு தெரியும் ஒரு கிழட்டு உயிரை இரண்டாவது தடவையும் சுமை தூக்க வைத்தோம்.

நம் பக்கம் திருப்பப்பட்ட படங்களின் கதை நீளமானது. 2013இல் ஹலால் சான்றிதழுக்கு எதிரான பிரசாரம் உச்சத்தில் இருந்தபோது, அறுக்கப்படும் மாடுகளின் படங்கள் எவ்வளவு தாராளமாகப் பயன்படுத்தப்பட்டன என்பதை நாற்பது வயது தாண்டிய எவரும் மறந்திருக்க மாட்டார்கள். அந்த வருட வெசாக் தினத்தில் மாடறுப்பைத் தடை செய்யக் கோரிக் கண்டியில் ஒரு பிக்கு தீக்குளித்தார். 2020 செப்டெம்பரில் மாடறுப்புத் தடை அமைச்சரவை வரைக்கும் போய் கொள்கையளவில் அங்கீகாரமும் பெற்றது. அப்போதும் சுற்றிய படங்களில் பாதி எந்த நாட்டில், எந்த ஆண்டில் எடுக்கப்பட்டவை என்று எவருக்கும் தெரியாது.

அந்தப் படங்கள் எங்கே பொய் சொன்னன என்று யோசித்திருக்கிறேன். இரத்தம் உண்மை, கத்தி உண்மை. பொய் இருந்தது படத்தின் விளிம்பில். கத்தியைப் பிடித்த தொப்பி போட்ட மனிதன் மட்டும் உள்ளே இருந்தான். பால் வற்றிய பசுவையும் ஆண் கன்றையும் வளர்க்க வழியில்லாமல் விற்ற பண்ணையாளர் வெளியே நின்றார். அவர் எந்த மதத்தவராகவும் இருக்கலாம். காலையில் பால் தேநீர் குடிப்பவர், தோல் செருப்பு போடுபவர், ஹோட்டலில் கொத்து சாப்பிடுபவர் எல்லோரும் வெளியே. பால் தொழில் இருக்கும் நாட்டில் ஆண் கன்றுகள் எங்கே போகின்றன என்ற கேள்வியைக் கேட்காமல் கசாப்புக் கடைக்காரனை மட்டும் காட்டும் படம் மிருகத்தின் மீதுள்ள அன்பினால் எடுக்கப்பட்டதல்ல, அது ஆளைக் காட்டிக் கொடுக்க எடுக்கப்பட்ட படம்.

இந்த அனுபவத்தால் நம்மில் பலருக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. மிருகவதை பற்றி எந்தப் படம் வந்தாலும் முதலில் கேட்பது "யார் எடுத்தது, ஏன் எடுத்தது" என்றுதான். நியாயமான கேள்வி. ஆனால் அந்த ஒரு கேள்வியோடு நிறுத்திவிடுகிறோம். "படத்தில் இருப்பது நடந்ததா" என்ற அடுத்த கேள்விக்கு வருவதில்லை.

உலகில் இதையே தொழிலாகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். கனடாவைச் சேர்ந்த ஜோ-ஆன் மெக்ஆர்தர் அவர்களில் முக்கியமானவர். காட்டு விலங்கைப் படமெடுக்க ஆயிரம் பேர் உண்டு, செல்லப்பிராணிக்கும் உண்டு. இரண்டுக்கும் நடுவில், நாம் தின்னும், உடுக்கும், சோதனை செய்யும், வேடிக்கை பார்க்கும் கோடிக்கணக்கான உயிர்கள் எவர் கண்ணிலும் படாமல் இருக்கின்றன என்பதே அவரது வேலையின் அடிப்படை. பல நாடுகளின் பண்ணைகளிலும் சந்தைகளிலும் அறுவைக் கூடங்களிலும் எடுத்த படங்களை அவர் வெளியிட்டிருக்கிறார். 40 புகைப்படக் கலைஞர்களின் படங்களைக் கொண்டு 2020இல் வெளிவந்த ஒரு பெரிய தொகுப்புக்கும் அவர்தான் காரணகர்த்தா. இவர்கள் எவரையும் தனியே குறி வைப்பதில்லை. ஐரோப்பாவின் கோழிப் பண்ணையும் வட அமெரிக்காவின் பன்றிப் பண்ணையும் அவர்களிடம் தப்பவில்லை. அமெரிக்காவின் ஐடாஹோ மாநிலம் பண்ணைக்குள் இரகசியமாகப் படம் பிடிப்பதைக் குற்றமாக்கி 2014இல் சட்டம் போட்டது. அடுத்த வருடமே நீதிமன்றம் அது கருத்துச் சுதந்திரத்துக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. படத்துக்குப் பயப்படுவது நாம் மட்டுமல்ல என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

நமக்கு நெருக்கமான ஒரு சம்பவம் இருக்கிறது. அது ஏன் நமது தளங்களில் பெரிதாகப் பேசப்படவில்லை என்று எனக்கு வியப்பு. 2017 ஆகஸ்டில் அவாசி எக்ஸ்பிரஸ் என்ற கப்பல் அவுஸ்திரேலியாவின் பிரிமாண்டில் துறைமுகத்திலிருந்து சுமார் 64,000 செம்மறியாடுகளோடு வளைகுடா நாடுகளுக்குப் புறப்பட்டது. வளைகுடாவின் கோடை வெப்பத்தில் சுமார் 2,400 ஆடுகள் கப்பலிலேயே செத்தன. அவற்றைத் தமது சாணத்திலேயே புதைந்து, வாயைப் பிளந்து மூச்சு வாங்கிச் செத்தவை என்று சொல்வதுதான் சரி. இதைக் கைத்தொலைபேசியில் பதிவு செய்தவர் எந்த மேற்கத்திய அமைப்பின் ஆளும் அல்ல. அக்கப்பலில் வேலை செய்த பாகிஸ்தானிய இளைஞர், பயிற்சி நிலை அதிகாரி. ஒரு பயணத்தில் மட்டுமல்ல, ஐந்து பயணங்களில் அவர் பதிவு செய்தார். வேலை போகும் என்று தெரிந்தே அதை வெளியே கொடுத்தார். 2018 ஏப்ரலில் அவுஸ்திரேலியத் தொலைக்காட்சியில் அது ஒளிபரப்பானதும் அந்நாடு கலங்கிப்போனது. முதலில் வளைகுடாவின் கடும் கோடை மாதங்களில் ஆடு ஏற்றுவது நிறுத்தப்பட்டது. 2024 ஜூலையில் சட்டமே வந்தது. 2028 மே 1ஆம் திகதியோடு கடல் வழியாக உயிருள்ள செம்மறியாடுகளை ஏற்றுமதி செய்வது அங்கு முற்றாக முடிகிறது.

அந்த ஆடுகள் போய்ச் சேர வேண்டியிருந்தது முஸ்லிம்களின் சமையலறைகளுக்கு. ஹலாலாக அறுக்க வேண்டும் என்பதற்காகவே உயிரோடு ஏற்றப்படுவதாகச் சொல்லப்பட்டவை. அறுக்கும் அந்த ஒரு நிமிடத்தைப் பற்றி நமது ஃபிக்ஹ் நூல்கள் எவ்வளவு நுணுக்கமாகப் பேசுகின்றன! அதற்கு முந்திய மூன்று வாரக் கடற்பயணம் எந்தக் கணக்கில் சேரும்? கேட்டவர் ஒரு கப்பல் ஊழியர். அவர் தொலைபேசியைத் தூக்கியதைச் சதி என்று எவராலும் சொல்ல முடியவில்லை.

அந்தக் காணொளி ஏன் வென்றது, ஒலுவில் படங்கள் ஏன் தோற்றன என்பதற்கு எனக்கு ஒரு விளக்கம் தோன்றுகிறது. அவாசி எக்ஸ்பிரஸ் விடயத்தில் ஒரு கப்பல் இருந்தது, ஏற்றுமதி செய்த ஒரு கம்பனி இருந்தது, அனுமதி கொடுத்த ஒரு திணைக்களம் இருந்தது. விரலை நீட்ட இடமிருந்தது. டிக்கிரிக்கும் ஓர் உரிமையாளர் இருந்தார், ஓர் ஊர்வலம் இருந்தது. சில நாட்களில் விலக்க முடிந்தது. பொறுப்பாளி ஒருவரை அடையாளம் காணக்கூடிய இடத்தில் படம் வேலை செய்கிறது. அப்படியான இடத்திலும் அதன் எல்லை குறுகியது. 2022 ஜூனில் சூடானின் சுவாகின் துறைமுகத்தில் அல் பத்ரி 1 என்ற கப்பல் சவூதிக்குப் புறப்படும் வேளையில் மூழ்கியது. 9,000 ஆடுகள் ஏற்றக்கூடிய கப்பலில் 15,000க்கும் அதிகமானவற்றை ஏற்றியிருந்தார்கள். மாலுமிகள் தப்பினார்கள், ஆடுகளில் மிகப் பெரும்பாலானவை மூழ்கின. ஹஜ் பெருநாளுக்குச் சில வாரங்களே இருந்தன. அந்தக் கப்பலின் வயிற்றுக்குள் தொலைபேசியோடு ஒருவரும் இருக்கவில்லை. சட்டம் எதுவும் வரவில்லை.

ஒலுவிலில் விரலை யார் பக்கம் நீட்டுவது? ஏழு உள்ளூராட்சிப் பகுதிகள், பல்லாயிரம் வீடுகள், கல்யாண மண்டபங்கள், ஹோட்டல்கள், பள்ளிவாசல் கந்தூரிகள். ஒருவர் மீதும் முழுப் பழியும் விழாது. ஆகவே எவர் மீதும் விழவில்லை. மத்திய அரசு செய்ய வேண்டியதையும் மறந்துவிடவில்லை. வனவிலங்குப் பிரதேசங்களை அண்டி இப்படி 54 குப்பைமேடுகள் நாடெங்கும் இருப்பதாக அன்றைய செய்திகளே சொல்லின. அவற்றின் குப்பையை மீள்சுழற்சி செய்வோம் என்று 2017இலேயே அறிவித்தது அரசுதான். 2017 ஏப்ரலில் மீத்தொட்டமுல்லைக் குப்பைமலை சரிந்து 32 மனிதர்கள் செத்த பிறகு லஞ்ச் சீட் தடை வந்தது. 2023 ஒக்டோபரில் பிளாஸ்டிக் ஸ்ட்ரோ, தட்டு, கரண்டி, இடியப்பத் தட்டுவரை தடைப்பட்டியல் நீண்டது. தடை வர்த்தமானியில் இருக்கிறது. சோற்றுப் பார்சலுக்குள் என்ன விரித்திருக்கிறது என்பதை இன்று மத்தியானம் நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

மார்க்கத்திலிருந்து சொல்வதென்றால் நம்மிடம் குறைவே இல்லை. பூனையைக் கட்டி வைத்துப் பட்டினியால் கொன்ற பெண்ணின் ஹதீஸும், தாகித்த நாய்க்குச் சப்பாத்தில் தண்ணீர் மொண்டு கொடுத்தவரின் ஹதீஸும் தரம் 3 பிள்ளைக்கும் மனப்பாடம். ஜும்ஆ மேடையில் குறைவாகச் சொல்லப்படும் ஒன்றை இங்கு நினைவூட்டுகிறேன். நபி (ஸல்) அவர்கள் மதீனாவில் ஒரு அன்சாரித் தோழரின் தோட்டத்துக்குள் போனபோது அங்கிருந்த ஒட்டகம் அவர்களைக் கண்டு கண்ணீர் விட்டது. நபியவர்கள் அதைத் தடவிக் கொடுத்துவிட்டு இது யாருடையது என்று விசாரித்தார்கள். உரிமையாளர் முன்வந்ததும், பட்டினி போட்டு, ஓயாமல் வேலை வாங்குவதாக ஒட்டகம் முறையிடுகிறது என்று கண்டித்தார்கள். அழுகிற மிருகத்தைத் தடவிக் கொடுப்பதோடு அந்தச் சம்பவம் முடியவில்லை. "யாருடையது" என்று கேட்டார்கள். பின்வரிசைப் பிள்ளை கேட்டதும் கிட்டத்தட்ட அதுதான்.

உழ்ஹிய்யா காலம் வரும்போதெல்லாம் அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா வழிகாட்டல்களை வெளியிடுகிறது. அறுக்கும் படங்களைச் சமூக ஊடகங்களில் போடாதீர்கள் என்பது அவற்றில் ஒன்று. இந்த நாட்டில் நாம் வாழும் நிலைமைக்கு அது அவசியமான அறிவுரை, பிறர் மனம் புண்படாமல் நடக்கும் பண்பும் அதில் இருக்கிறது. இரத்தம் வழியும் மாட்டுக்குப் பக்கத்தில் நின்று செல்ஃபி எடுக்கும் இளைஞனுக்கு அது போதாது என்றுகூடச் சொல்வேன். ஆனால் அதே வழிகாட்டல்களில், பிராணிக்கு முன்னால் கத்தி தீட்டாதீர்கள், ஒன்றின் கண் முன்னால் இன்னொன்றை அறுக்காதீர்கள், ஏற்றி இறக்கும்போது துன்புறுத்தாதீர்கள் என்ற பகுதியும் இருக்கிறது. முதலாவதை ஊருக்கு ஊர் ஒலிபெருக்கியில் ஞாபகப்படுத்துகிறோம். இரண்டாவதை யார் சரிபார்க்கிறார்கள்? லொறியில் கால் வைக்க இடமில்லாமல் கொம்போடு கொம்பு உரசக் கட்டி, ஓரிரவு முழுக்கத் தண்ணீரில்லாமல் மாடு வருவதை நமது ஊர்களில் கண்டிராதவர் இல்லை. கமெரா இல்லாததால் அது நடக்காமல் போய்விடாது. வெளியாளின் கமெரா வருவதற்கு முன் நமது பள்ளிவாசல் நிர்வாகத்தின் கண் அங்கு போயிருந்தால், அந்தப் படத்தில் காட்ட எதுவும் இருந்திருக்காது.

சட்டத்தை நம்பியிருப்பதில் பயனில்லை. மிருகவதைக்கு எதிராக நாம் வைத்திருப்பது 1907ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம், அதில் விதிக்கக்கூடிய உச்சத் தண்டப்பணம் 100 ரூபாய். அந்தக் காலத்தில் அது பெரிய தொகை, இன்று ஒரு பிளேன்டியும் ஒரு வடையும். 2006இல் சட்ட ஆணைக்குழு வரைந்த புதிய மிருக நலச் சட்டமூலம் அரசாங்கத்துக்கு அரசாங்கம் கைமாறியே காலம் கடந்தது. அதை எதிர்ப்பதிலோ ஆதரிப்பதிலோ நமது பிரதிநிதிகள் குரல் கொடுத்ததாக நினைவில்லை. மாடறுப்புத் தடை என்றதும் துள்ளி எழுந்தவர்கள், மிருகத்தைக் கண்ணியமாக நடத்தும் சட்டத்தை முதலில் கேட்டவர்கள் நாமாக இருந்திருக்கலாம் என்று யோசிக்கவில்லை. அப்படிக் கேட்டிருந்தால் 2020இல் நாம் நின்ற இடம் வேறாக இருந்திருக்கும் என்பது என் கணிப்பு.

ஒலுவிலுக்குத் திரும்பினால் கேட்க வேண்டியவை சின்னச் சின்னக் கேள்விகள். ஒரு நாளைக்கு எத்தனை டிராக்டர் குப்பை எந்தச் சபையிலிருந்து போகிறது? அதில் எவ்வளவு பிரித்து அனுப்பப்படுகிறது? வேலியைப் பராமரிக்க யாருடைய வரவு செலவுத் திட்டத்தில், எவ்வளவு ஒதுக்கப்பட்டிருக்கிறது? கல்யாண மண்டபங்களின் உணவுக் கழிவைத் தனியாக எடுக்க ஏதாவது ஏற்பாடு உண்டா? யானை தேடி வருவது பொலித்தீனை அல்ல, அதற்குள் கட்டியிருக்கும் சோற்றை. வீட்டிலேயே சோற்றையும் கறியையும் தனியாகப் பிரித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. இதற்கு வெளிநாட்டு உதவியும் வேண்டாம், வர்த்தமானியும் வேண்டாம்.

இந்த நான்கு கேள்விகளையும் மாணவர்களோடு சேர்ந்து எழுதி, எமது வட்டாரத்துச் சபை உறுப்பினருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறோம். பின்வரிசைப் பிள்ளைதான் முகவரி எழுதினாள். கடிதம் கிடைத்ததாகத் தபால் கந்தோரில் சொன்னார்கள்.